காற்றில்லா டயர் நம் காருக்கு எப்போது வரும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். போன மாதம் இரவு பதினோரு மணிக்கு விழுப்புரம் பைபாஸில் குடும்பத்தோடு வரும்போது காரின் பின்டயர் வெடித்திருக்கிறது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றிருக்கிறீர்கள். பஞ்சரே ஆகாத, காற்றே அடிக்க வேண்டாத டயரை இருபது வருடமாக வீடியோவில் காட்டுகிறார்களே, கடையில் ஏன் இல்லை, கம்பெனிகள் அமுக்கி வைத்திருக்கின்றனவா என்று கேட்கிறீர்கள். 2024இல் காருக்கு வந்துவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் வாங்கப்போகும் காருக்கு அது கிடைக்குமா, காத்திருக்கலாமா என்பது கடைசி வரி. எனக்குப் புரிந்தவரை உங்களுக்கு முக்கியம், அப்படி ஒரு இரவு இனி வரக்கூடாது என்பதுதான். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

டயர்த் தொழிலில் இருபத்துநாலு வருடம் இருந்தவன் நான். முதல் ஒன்பது வருடம் கார் டயர் சோதனைக்கூடத்தில், அப்புறம் ஃபோர்க்லிஃப்டுக்குப் போடும் சாலிட் டயர் பக்கம். ரப்பரைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். காற்றுக்குப் பதிலாகப் புது டயர்களில் வைக்கும் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் ஆரங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், படித்ததையும் கண்காட்சியில் தொட்டுப் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. காற்றில்லாச் சக்கரம்தான் பழையது, காற்றடைத்த டயர்தான் பின்னால் வந்தது. கட்டை வண்டியின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்திருப்பார்களே, அதற்குப் பஞ்சரே கிடையாது. ஆனாலும் கிராமங்களில் டயர் வண்டி வந்ததும் கட்டை வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். அதே ஜோடி மாடு கூடுதல் பாரத்தை அலுங்காமல் இழுத்தது. மோட்டார் வாகனத்திலும் இதே கதைதான். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைத் திரும்பக் கண்டுபிடித்தபோதுதான் அது பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போர்க் கால லாரிகள் பல கெட்டி ரப்பர் டயரில்தான் ஓடின. வேகம் கூடக்கூட அவையும் காற்றுக்கு மாறின. ஆகவே இன்றைய காற்றில்லா டயர், காற்று ஒருமுறை ஜெயித்த இடத்தில் மறுபடி மோதிப் பார்க்கிறது.

காற்று ஏன் ஜெயித்தது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 300 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று. அப்படியென்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர், உங்கள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் காற்றை எடை போட முடிந்தால் சுமார் 100 கிராம்தான் இருக்கும். 100 கிராம் பொருள் 300 கிலோவைத் தாங்குகிறது. அமுங்கி எழும்போது காற்று ஏறக்குறைய சூடாவதே இல்லை, களைப்பதில்லை, விரிசல் விடுவதில்லை. இதற்கு ஈடாக ஒரு திடப்பொருளை வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சோதனைக்கூடத்தில் நின்றவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் காற்று ரிம்மைக் கீழிருந்து மேலே தள்ளித் தாங்குவதாக நினைக்கிறோம். காற்று ரிம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் அழுத்துகிறது. அது செய்யும் பெரிய வேலை, டயரின் பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல்களை விறைப்பாக இழுத்து வைப்பது. தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் பிதுங்கி, அங்குள்ள நூல்களின் இழுவிசை தளர்கிறது. மேலே உள்ள நூல்கள் விறைப்பாகவே இருக்கின்றன. ஆக ரிம், உத்தரத்தில் கட்டிய தூளிபோல, டயரின் மேல்பாதியிலிருந்து தொங்குகிறது. வண்டியும் நீங்களும் அந்தத் தூளியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மிஷெலின் கம்பெனி 2005இல் அறிவித்த ட்வீல், இந்தத் தொங்கலைத்தான் காற்றில்லாமல் செய்து பார்த்தது. நடுவில் அச்சில் மாட்டும் உலோகக் குடம் (ஹப்), அதிலிருந்து வெளியே பாலியூரித்தேன் ஆரங்கள், அவற்றைச் சுற்றி ஒரு வளையம், அதன்மேல் வழக்கமான ட்ரெட், நம் ஊரில் பட்டன் என்போமே அது. பாரம் வரும்போது மேல்பக்க ஆரங்கள் இழுபட்டுத் தாங்குகின்றன, தரைப்பக்க ஆரங்கள் மடங்கிக் கொடுக்கின்றன. சூட்சுமம் எல்லாம் அந்த வெளி வளையத்தில். நீளாத இரண்டு பட்டைகளுக்கு நடுவே இளகிக் கொடுக்கும் ஓர் அடுக்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுமே, அப்படி நடு அடுக்கு நழுவிக் கொடுப்பதால் வளையம் தரையில் தட்டையாகப் படிகிறது, அழுத்தமும் சமமாகப் பரவுகிறது. காற்று செய்த வேலையில் பாதியை இந்த அடுக்கு எடுத்துக்கொள்கிறது. இதை யோசித்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

சரி, அப்புறம் ஏன் காருக்கு வரவில்லை? என் பதிலில் முதல் காரணம் சூடு. ரப்பரானாலும் பிளாஸ்டிக்கானாலும், மடக்கி விட்டால் கொடுத்த சக்தி முழுக்கத் திரும்பி வராது. மிச்சம் சூடாக உள்ளேயே தங்கும். சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள கார் சக்கரம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 12 சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு ஆரமும் அந்த ஒரு நொடியில் 12 தடவை மடங்கி நிமிர வேண்டும். 40,000 கி.மீ. ஓடினால் இரண்டு கோடி தடவைக்கு மேல். ஒரு கம்பியை இருபது தடவை முன்னும் பின்னும் வளைத்தாலே சூடாகி முறிவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோடி தடவை மடங்கியும் விரிசல் விடாத பொருளைச் செய்ய வேண்டும், அதுவும் மே மாதத் தார்ரோட்டில், கல்லும் குழியும் இடித்தபடி.

இந்தச் சூடு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் டயர் சீக்கிரம் போகிறது என்று புகார். சாலிட் டயர், அதாவது உள்ளே காற்றே இல்லாமல் முழுக்க ரப்பர். போய்ப் பார்த்தால் வெளியே ட்ரெட் நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு, அதிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து உறைந்திருந்தது. விசாரித்ததில், ஓரிடத்தில் முன்பின் ஓட வேண்டிய வண்டியை இரண்டு கி.மீ. தள்ளியிருந்த இன்னொரு கிடங்குக்கு நாள் முழுக்கச் சரக்கோடு ஓட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயில் வேறு. டயரைக் கொண்டுவந்து குறுக்கே அறுத்தோம். அடிப்பகுதி ரப்பர் கெட்டியாக இருந்தது, மேல் ட்ரெட்டும் கெட்டி. நடுவில் இருக்கும் மெத்தை அடுக்கு மட்டும் வெல்லப்பாகு பதத்தில் இளகிக் கிடந்தது. கத்தியில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ரப்பர், உள்சூட்டில் பிணைப்பு அறுந்து பழையபடி பிசினாகிவிட்டது. வெளியே தொட்டால் அவ்வளவு சூடு தெரியாது, ரப்பர் சூட்டை வெளியே விடாது. மணிக்கு 20 கி.மீ. தாண்டாத வண்டியிலேயே இந்தக் கதி. ‘டயருக்குள் முழுக்க ரப்பரை அடைத்துவிட்டால் என்ன’ என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். இதுதான் அவருக்குப் பதில். சாலிட் டயர் மட்டமான பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கை இந்த டயரை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்யும் முக்கியமான நாடு, துறைமுகமும் கிடங்கும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மெதுவான வேகம், குறைந்த தூரம் என்ற எல்லைக்குள் அதை மிஞ்ச ஆள் இல்லை.

ஆரம் வைத்த டயரில் இந்தச் சூடு குறைவு, ஏனென்றால் பொருள் மெல்லியது, நடுவே காற்றோட்டம் உண்டு. ஆனால் இரைச்சல் வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஆரமும் தரைப்பக்கம் வந்து மடங்கி ‘டப்’பென்று நிமிரும்போது ஒரு துடிப்பு. வேகத்தில் அவை சேர்ந்து ரீங்காரமாகின்றன. ஆரம்பகால ட்வீலில் 80 கி.மீ.க்கு மேல் அதிர்வும் இரைச்சலும் பெரிய குறையாகப் பேசப்பட்டன. அப்புறம் ஆரங்களின் இடுக்கு. மழைநாளில் களிமண் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தால் அங்கே சேறு அப்பிக் காயும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் சக்கரத்தின் பேலன்ஸ் போய்விடும், ஸ்டியரிங் உதறும்.

எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு குறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காற்று டயரின் விறைப்பை நாம் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கார்க் கதவின் உள்ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பல கார்களில் இரண்டு பேர் போனால் ஓர் அளவு, ஐந்து பேரும் பெட்டியும் என்றால் பின்டயருக்குக் கூடுதல் அளவு என்று போட்டிருக்கும். காற்றில்லா டயரில் கம்பெனி வைத்த விறைப்புத்தான் கடைசிவரை. முழு பாரத்துக்கு வைத்தால் தனியாகப் போகும்போது தூக்கிப்போடும், தனியாளுக்கு வைத்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அமுங்கும்.

அதனால்தான் வேகம் குறைவாகவும், பாரம் மாறாமலும், பஞ்சரால் வரும் நஷ்டம் பெரிதாகவும் இருக்கும் இடங்களில் இது முதலில் நுழைந்தது. 1971, 72இல் அப்போலோ 15, 16, 17 பயணங்களில் நிலவில் ஓடிய வண்டிகளின் சக்கரங்கள் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலையால் ஆனவை, மேலே டைட்டானியம் பட்டைகள். அங்கே ரப்பரும் காற்றும் அந்தக் குளிருக்கும் வெப்பத்துக்கும் சரிப்படாது. ஆனால் மூன்று வண்டிகளும் சேர்ந்து ஓடியது சுமார் 90 கி.மீ.தான். பூமியில் ட்வீல் 2012 வாக்கில் ஸ்கிட் ஸ்டியர் லோடருக்கு, அதாவது நாம் பாப்கேட் என்று சொல்லும் சின்ன லோடருக்கு, விற்பனைக்கு வந்தது. இடிபாட்டுக் கம்பியும் கண்ணாடியும் கிடக்கும் இடத்தில் அந்த வண்டிக்குத் தினம் பஞ்சர்தான், ஆகவே கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். புல்வெட்டும் வண்டிகளுக்கும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ட்வீலுக்கென்றே ஒரு ஆலையையும் திறந்தார்கள். அமுக்கி வைப்பவர்கள் ஆலை கட்ட மாட்டார்கள். பஞ்சர் ஒட்டுவதில் வரும் காசு வல்கனைசிங் கடைக்காரருக்குப் போகிறது, டயர் கம்பெனிக்கு ஒரு பைசா கிடையாது. பஞ்சராகாத காருக்கான டயரை முதலில் கொண்டுவரும் கம்பெனி எந்த விலை சொன்னாலும் கொடுக்கத் தயாராக உங்களைப்போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

2024 என்று நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யில்லை. 2019 ஜூனில் மிஷெலினும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அப்டிஸ் என்ற கார் டயரைக் காட்டியபோது, 2024க்குள் பயணிகள் காருக்குக் கொண்டுவருவதே இலக்கு என்று அவர்களே சொன்னார்கள். ஷெவர்லே போல்ட் மின்காரில் சோதனை ஓட்டமும் நடந்தது. இதில் ஆரங்கள் கண்ணாடி நார் கலந்த பிசின், அலுமினியச் சக்கரத்தோடு சேர்ந்தே வரும். அந்த இலக்கு தவறிவிட்டது. அதற்குப் பதில் குறுகிய அளவில் ரோட்டில் இறக்கினார்கள். 2023இல் சிங்கப்பூரில் டிஎச்எல் கூரியர் கம்பெனியின் பார்சல் வேன்கள், ஏறத்தாழ 50. அடுத்து வடக்குப் பிரான்சில் லா போஸ்ட் அஞ்சல் வண்டிகள். ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் 2011இலிருந்தே தன் மாதிரியைத் திருத்தித் திருத்திக் கொண்டுவருகிறது. 2023இல் காட்டிய மூன்றாம் தலைமுறையில் ஆரங்கள் பளிச்சென்ற நீல நிறம், மங்கல் வெளிச்சத்திலும் கண்ணில் படும். ஹிகாஷியோமி ஊரில் அதை மாட்டி ஓட்டியது மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவாகப் போகும் வண்டியில். வேகத்தைக் கவனித்தீர்களா? சிங்கப்பூர் ஓட்டத்தை நான் உன்னிப்பாகப் பார்ப்பதற்கு வேறு காரணம். அங்கே நம்மைப்போலவே வெயிலும் மழையும் உண்டு, பார்சல் வேன் நின்று நின்று ஓடும். ஆனால் அங்கே ரோடு வழவழப்பு. நம் குழிகளில் விழுந்து எழுந்தால் அந்த ஆரங்கள் எத்தனை வருடம் தாங்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படாத விஷயம். ஆயுள், விலை இரண்டிலும் இப்போது வரும் எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 94ஆம் விதி, மோட்டார் வாகனத்தில் காற்றடைத்த டயர் பொருத்தப்பட வேண்டும் என்றே ஆரம்பிக்கிறது. டயருக்கான ஐஎஸ்ஐ கட்டாய ஆணையும் காற்று டயரைத்தான் வரையறுக்கிறது. காற்றில்லா டயரை எந்த அளவுகோலில் சோதிப்பது என்று முதலில் எழுத வேண்டும், அப்புறம்தான் காருக்கு அனுமதி. இது நடக்காத காரியம் இல்லை, ஆனால் ஓரிரு வருடத்தில் முடியாது. இணையக்கடையில் ‘ஏர்லெஸ்’ என்று போட்டு பைக்குக்கோ காருக்கோ எதையாவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். பைக் டயர் வளைவில் சாய்ந்து ஓடப் பிறந்தது. சாய்ந்தாலும் அதே பிடி வேண்டும். ஆரம் வைத்த டயருக்கு அது காரைவிடக் கடினம். வாடகை சைக்கிளுக்கும் மின் ஸ்கூட்டருக்கும் வரும் துளைபோட்ட கெட்டி டயர்கள் 25 கி.மீ. வேகத்துக்கானவை.

எதிர்காலம் பற்றி என் கணிப்பு இது, கணிப்பு மட்டுமே. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெருகும் ஊரில் காற்றில்லா டயர் நிலைத்துவிடும், ஏனென்றால் பஞ்சரானால் இறங்கிப் பார்க்க அங்கே ஆள் இல்லை. நகரத்துக்குள் சுற்றும் பார்சல் வேன்கள் அதற்கு முன்பே மாறும். 120 கி.மீ. வேகத்தில் மதுரைக்கும் நெல்லைக்கும் போகும் குடும்பக் கார் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ஆகவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம், காரை வாங்குங்கள். டயர் அழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் உள்ள மாடலாகப் பாருங்கள். ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 2020இல் விதியைத் திருத்தி, டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் காரில் எது வருகிறது என்று பணம் கட்டுவதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து பாருங்கள். கிட்டில் வரும் பசை ஆணி குத்திய துளையை அடைக்கும், வெடித்த டயருக்கு உதவாது. ராத்திரிப் பயணம் அதிகம் என்றால் நான் ஸ்டெப்னி உள்ள காரைத்தான் வாங்குவேன்.

இன்னும் ஒன்று. டயர் வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பஞ்சர் என்று எழுதவில்லை. நான் சோதனைக்கூடத்தில் அறுத்துப் பார்த்த வெடித்த டயர்களில் பெரும்பாலானவை காற்றுக் குறைவாக வெகுதூரம் ஓடியவை. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும், நான் மேலே சொன்ன அதே சூடு அங்கே ஏறும், நூல்கள் வெந்து பிரியும், கடைசியில் ஒரு நொடியில் கிழியும். உங்கள் ஸ்டெப்னியே காற்றில்லாமல் கிடந்தது என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் வலுவாகிறது. அந்தக் கிழிந்த டயர் இன்னும் கடையில் கிடந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உள்பக்கம் கையைவிட்டுத் தடவுங்கள், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ஜாக்கிரதை. மிளகுத்தூள் மாதிரி கறுப்பு ரப்பர்ப்பொடி கையில் ஒட்டுகிறதா? பக்கச்சுவரின் உள்பக்கத்தில் சுற்றிலும் தேய்ந்த வளையம் தெரிகிறதா? இரண்டும் இருந்தால் அந்த டயர் விழுப்புரத்துக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே காற்றை இழந்துவிட்டது. அப்படியென்றால் மற்ற மூன்று டயர்களையும் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், வால்வுகளையும் மாற்றிவிடுங்கள். பொடி எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டதுபோல் கிழிந்திருந்தால், குழியிலோ கல்லிலோ மோதியிருக்க வேண்டும். அப்போது அந்தச் சக்கரத்தின் ரிம் ஓரம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து இங்கே போட்டால் எந்த வகை என்று சொல்கிறேன்.